பதினொரு கோலும் பலாச்சுளையும்

கரடி மாசாணம் நாணல் புதருக்கு எதிரே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எதைக் கேட்டுச் சிரித்தான் என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே சொல்ல மாட்டேன். அவன் அந்தப் புதருக்குப் போக ஏரியைச் சுற்ற வேண்டும். ஏரியைச் சுற்றுவதற்கு முன்னால் பதினொரு கோல் விழ வேண்டும். ஒரு கோல்கூட இன்னும் விழவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

கொன்றைக்காட்டின் நடுவே ஓர் ஏரி. அதன் மேற்கே மேட்டுக்கரைக் கல்லூரி. மான், முயல், குரங்கு, கரடி எல்லாம் அங்கே படித்தன. கிழக்கே சேற்றுக்கரைக் கல்லூரி. அது ஆமை, தவளை, நண்டு, எருமைக்கன்று ஆகியவர்களின் இடம்.

கோடையில் ஏரி வற்றி நடுவில் ஒரு திடல் தலைகாட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கல்லூரிகளும் அந்தத் திடலில் கால்பந்து ஆடும். பந்தைத் தூக்கணாங்குருவிகள் புல்லால் நெய்து கொடுக்கும். நடுவர் கொக்கு. அவர் ஒற்றைக் காலில் நிற்பார். தப்பாட்டம் நடந்தால் மட்டும் மற்றக் காலை இறக்குவார். அதைக் கண்டாலே எல்லோருக்கும் நடுக்கம்.

ஐந்து ஆண்டாகச் சேற்றுக்கரைதான் ஜெயித்துவந்தது. அவர்களிடம் நான்கு நீர்நாய்கள் இருந்தன. பந்து அந்த நால்வர் காலில் பட்டால் அப்புறம் அது கோலுக்குள்தான் கண்விழிக்கும். இந்த ஆண்டு அந்த நீர்நாய்கள் படிப்பை முடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் வேலைக்குப் போய்விட்டன.

மேட்டுக்கரையின் ரசிகர் தலைவன் மாசாணம். அவன் ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை. உதைத்துப் பார் என்று அவனிடம் யாரும் சொன்னதும் இல்லை. முதலாண்டு வகுப்பில் எட்டு ஆண்டாக உட்கார்ந்திருந்தான். அதில் அவனுக்கு வருத்தமே கிடையாது. கண் பார்வை மங்கல். பத்தடி தள்ளி நின்றால் மானும் அவனுக்கு மரம்தான். ஆனால் தொண்டை இருக்கிறதே, அது கத்தினால் எதிர்க்கரையில் காய்ந்த இலை உதிரும்.

அவனுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. பலாப்பழம்.

ஏரிக்கரையின் வடகோடியில் ஒரு பலாமரம். அதில் பழுக்கும் மிகப் பெரிய பழத்தை ஆட்ட நாள்வரை யாரும் தொடக்கூடாது. ஆட்டம் முடிந்த மாலையில் தோற்றவர்கள் அதைப் பறிப்பார்கள். ஜெயித்தவர்கள் பிளப்பார்கள். இரு கரையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்னும். கட்டுப்பாடு ஒன்றுதான். பந்தியில் இருப்பவருக்கே பங்கு. "எனக்கு ரெண்டு சுளை எடுத்து வைங்க" என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது.

கரடிக்குப் பலா என்றால் உயிர். ஆனாலும் ஐந்து ஆண்டாக மாசாணம் ஒரு சுளையும் தின்றதில்லை. தோற்ற அன்றைக்குத் தவளைகளோடு ஒரே வரிசையில் உட்கார அவனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. குகைக்குள் படுத்தபடி, காற்றில் வரும் வாசனையை மட்டும் மூக்கால் தின்பான்.

"அடுத்த வருஷம் பாருங்க! ஜெயிச்சுட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, முதல் வரிசையில உக்காந்து இருபது சுளை தின்னுவேன்!" என்று சுவரிடம் சொல்லிக்கொள்வான்.

இப்போது ஆட்டம்.

கொக்கு சீட்டி அடித்தார். மேட்டுக்கரை முயல் முத்தழகி பந்தை எடுத்தாள், ஓடினாள், அடித்தாள். கோல்! சேற்றுக்கரை எருமைக்கன்று அப்போதுதான் தலையைத் தூக்கி, "என்னது, ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றது.

கரையில் மாசாணம் பக்கத்திலிருந்த குரங்கைச் சுரண்டினான். "என்ன சத்தம்? கோலா?"

"கோல்தான்!"

"அடிச்சது யாரு? நாமளா?"

"நாமதான்!"

"ஹூஊஊய்ய்ய்!" என்றான் மாசாணம். இலை உதிர்ந்தது.

அடுத்து பந்து சேற்றுக்கரை நண்டு நெட்டையனிடம் போனது. நெட்டையனுக்கு நல்ல வேகம். ஆனால் பக்கவாட்டில்தான் ஓட வரும். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி, கள்ளிவேலியைத் தாண்டி, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டான். தேடிப் பிடித்துக் கூட்டிவந்த மறு நிமிடம் இரண்டாவது கோல். தவளை டமாரம் தலையால் முட்டுவதற்கு எம்பினான். அருமையான எம்பல். பந்து அவனுக்கு அடியில் தரையோடு உருண்டு போனது. மூன்றாவது கோல்.

கோலைக் காத்தவள் ஆமை அமிர்தம். சேற்றுக்கரை அணித்தலைவியும் அவள்தான். பந்து இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் புறப்படுவாள். அங்கே அவள் போய்ச் சேரும்போது அடுத்த பந்து வலப்பக்கம் விழுந்திருக்கும். "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று மாலைவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவது விழுந்ததும் மேட்டுக்கரைத் தலைவி மான் சாருமதிக்கே சங்கடமாகிவிட்டது. "போதும்பா, சும்மா தட்டி ஆடுங்க" என்று தன் ஆட்களிடம் சொன்னாள். சும்மா தட்டியதில் பதினொன்றாவது விழுந்தது.

பதினொன்றுக்குச் சைபர்!

மாசாணம் கரையிலிருந்து உருண்டு திடலுக்கு வந்தான். ஐந்து ஆண்டாகச் சேர்த்து வைத்திருந்த கிண்டல் முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. முதலில் அமிர்தத்திடம் போனான்.

"ஆமையக்கா! பதினொண்ணு! பதினொண்ணு!"

அமிர்தம் மெல்லக் கழுத்தை நீட்டினாள். "ஆமா தம்பி, நானும் எண்ணினேன். அந்த ஏழாவது கோலைப் பாத்தியா? முத்தழகி ரெண்டு பேரை ஏமாத்திட்டு ஒண்ணு போட்டா பாரு, அடடா! நான் கைதட்டிட்டேன்."

"கைதட்டினீங்களா? கோலை வாங்கிட்டா?"

"ரொம்பக் கிட்டத்துல நின்னு பாத்தவ நான்தானே. நீ பாவம், அம்புட்டு தூரத்துல நின்ன."

மாசாணம் தவளை டமாரத்திடம் திரும்பினான். "டேய் டமாரம்! மழைக்காலம் முழுக்க என் குகை வாசல்ல உக்காந்து பாடினியே! இப்பப் பாடுடா! பதினொண்ணுக்குச் சைபர்டா!"

"பதினொண்ணா? நான் ஆறோட எண்றதை விட்டுட்டேன் மச்சான்" என்றான் டமாரம். "சரி, நாங்க பழம் பறிக்கக் கெளம்பறோம். சீக்கிரம் வந்துடு. பசி உயிர் போகுது!"

"தோத்தவனுக்கு எப்படிடா பசிக்கும்?"

"ஓடினவனுக்குப் பசிக்கும் மச்சான். நின்னு கத்தினவனுக்குத்தான் பசிக்கக்கூடாது!"

நண்டு நெட்டையன் குறுக்கே ஓடிவந்தான். "அண்ணே, நான் நாலு தடவை பந்தைத் தொட்டேன்! பாத்தீங்களா? எங்க வீட்ல யாருமே பந்தைத் தொட்டதில்ல! நான் போய்ச் சொல்லணும்!" என்று சொல்லிவிட்டு, சொல்வதற்காகப் பக்கவாட்டில் பாய்ந்துபோனான்.

மாசாணம் அப்படியே நின்றான். இவ்வளவு பெரிய வெற்றி இப்படிப் பிசுபிசுத்துப் போகும் என்று அவன் நினைக்கவே இல்லை. எதிரி அழ வேண்டாமா? முகமாவது சுருங்க வேண்டாமா? பதினொரு கோல் வாங்கியவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பழம் பறிக்கப் போனால் ஜெயித்தவன் எங்கே போவது?

அங்கே இருந்த பட்ட மரத்தில் கரிச்சான் குருவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சனி. மேட்டுக்கரையில் முதலாண்டு. அதனால் மாசாணத்தின் வகுப்புத்தோழி. உடம்பு முழுக்கக் கருப்பு, நுனியில் பிளந்த இரட்டை வால். எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே எடுத்துவிடுவாள். போன வாரம் முதல்வர் ஆந்தையின் குரலில், "இன்று கல்லூரி விடுமுறை" என்றாள். கல்லூரியே காலியானது. முதல்வரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

"என்னண்ணே, ஜெயிச்ச மூஞ்சியா இது?" என்று அஞ்சனி கேட்டாள்.

"அழ மாட்டேங்கறாங்க அஞ்சனி!" என்று மாசாணம் பொருமினான். "அஞ்சு வருஷம் நான் அழுதேன். குகை வாசலைக் கல்லு வச்சு அடைச்சுக்கிட்டு அழுதேன். இவங்க ஒரு சொட்டாவது அழ வேணாமா? இது எந்த ஊரு நியாயம்?"

அஞ்சனியின் வால் படபடவென்று துடித்தது. அவளுக்குக் குறும்பு முதலில் வாலில்தான் வரும்.

"நீங்க மட்டும் எல்லார் முன்னாடியுமா அழுதீங்க? குகைக்குள்ளதானே அழுதீங்க? அவங்களுக்கும் ஒரு மறைவிடம் இருக்கும்ல?"

மாசாணத்தின் காது நிமிர்ந்தது. "எங்கே?"

"கீழக்கரைக் கோடியில ஒரு நாணல் புதர் இருக்கே, அங்கதான்னு கேள்வி."

"பழம் பறிக்கப் போறோம்னானே டமாரம்?"

"அழப் போறோம்னு சொல்லிட்டா போவாங்க? என்ன அண்ணே நீங்க!"

அது நியாயமாகத்தான் பட்டது மாசாணத்துக்கு. ஆனாலும் வடகோடிப் பக்கம் தலையைத் திருப்பினான். "பந்தி போட்டுடுவாங்களே?"

"பறிக்கணும், உருட்டிட்டு வரணும், பிளக்கணும், பால் துடைக்கணும். எவ்வளவு வேலை கெடக்கு! ஒரு நடை போய் அழுகையைக் கேட்டுட்டு வந்து உக்காந்தா சுளை இன்னும் கொஞ்சம் இனிக்காது?"

இனிக்கும்! மாசாணம் நடந்தான். நடந்தானா, ஓடினான்.

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? இன்னும் கரடி புதரைப் போய்ச் சேரவில்லையே.

கீழக்கரைக் கோடி முழுவதும் அழுகிய சேறு. அந்த நாற்றத்தில் மாசாணத்தின் மூக்கு அடைத்துக்கொண்டது. நாணல் புதருக்கு எதிரே ஒரு கரையான் புற்று. அஞ்சனி அவனை அதன் பின்னால் உட்காரவைத்தாள்.

"இங்கயே இருங்கண்ணே. கிட்ட வந்தீங்கன்னா வெக்கப்பட்டு நிறுத்திடுவாங்க. நான் அந்தப் பக்கம் போய் யாராவது வராங்களான்னு பாக்கறேன்."

பறந்து போய்ப் புதருக்குள் உட்கார்ந்தாள். புதருக்குள் அவளையும் இரண்டு தட்டான்களையும் தவிர வேறு யாரும் இல்லை. தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டாள்.

"இதோ... வந்துட்டேன்... வந்துட்டேன்னு... சொன்னேனே..." என்று ஆமை அமிர்தத்தின் குரல் புதருக்குள்ளிருந்து இழுத்தது. "ஒரு தடவையாவது... போய்ச் சேந்தேனா... ஐயோ... பதி... னொண்... ணே..."

மாசாணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறாள்! ஆமையக்கா அழுகிறாள்! ஆனந்தம் தாங்காமல் புற்றை ஓங்கி ஒரு அறை அறைந்தான்.

முதல்நாள் பெய்த கோடை மழைக்கு அந்தப் புற்றுக்குள் ஈசல்கள் இறகு கட்டிக் காத்திருந்தன. அறை விழுந்ததும் பொலபொலவென்று கிளம்பிப் புதர்ப் பக்கம் பறந்தன. அஞ்சனி உட்கார்ந்த இடத்திலிருந்தே பத்துப் பன்னிரண்டைப் பிடித்து விழுங்கினாள். அடடா, இப்படி ஒரு வசதியா! அவள் இதை எதிர்பார்க்கவே இல்லை.

கரடிக்கும் ஈசல் பிடிக்கும். ஆனால் மாசாணம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வயிற்றில் இருபது சுளைக்கான இடம் அப்படியே இருக்க வேண்டும் அல்லவா?

அஞ்சனி வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள். "எப்படிண்ணே, ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"பிரமாதம் அஞ்சனி, பிரமாதம்! ஆனா அந்தத் தவளைப்பய அழலையே. எனக்கு அவன்தான் முக்கியம்."

"அழுவான்ணே. கூச்சமா இருக்கும். பொறுங்க."

அவள் அந்தப்பக்கம் பறந்தாள். உடனே புதருக்குள் டமாரத்தின் குரல் வெடித்தது. "கொர்ர்ர்! நான் எம்பினா பந்து கீழே போகுது! நான் கீழே உக்காந்தா பந்து மேலே போகுது! எனக்குன்னே செஞ்ச பந்தா அது? கொர்ர்ர்! இனிமே மாசாணத்தோட குகை வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாடுவேன்?"

மாசாணம் மல்லாந்து விழுந்து காலை உதைத்தான். புற்றில் இன்னொரு பக்கம் உடைந்தது. ஈசல் கூட்டம் கிளம்பியது.

பிறகு புதருக்குள் சண்டையும் வந்தது.

"எல்லாம் இந்த நண்டால வந்தது!" என்றது தவளைக் குரல்.

"நானா? நான் பந்தைப் பத்திரமா வேலிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வச்சேன்! அங்கயே விட்டிருந்தா ஒரு கோல் விழுந்திருக்குமா?" என்றது நண்டுக் குரல்.

"சண்டை... போடா... தீங்க..." என்றது ஆமைக் குரல்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சா?" என்றது எருமைக்கன்றின் குரல்.

நால்வரும் ஒரே மூச்சில். அஞ்சனிக்கு மூச்சு வாங்கியது.

அப்போது வடக்கிலிருந்து முயல் முத்தழகி குதித்தோடி வந்தாள். பதினொன்றில் ஐந்து கோல் அடித்தவள். "மாசாணண்ணே! இங்கயா இருக்கீங்க? பழத்தைப் பிளந்தாச்சு! அரை ஆள் உயரம் இருக்கு! சாருமதி உங்களுக்கு முதல் வரிசையில இடம் போட்டிருக்கா, வாங்க!"

"உஷ்ஷ்!" என்றான் மாசாணம். "மெதுவாப் பேசு. ஆமையக்கா அழுதுகிட்டு இருக்கா."

முத்தழகி விழித்தாள். "ஆமையக்காவா? அவங்க அங்க என் பக்கத்துல—"

மாசாணம் தன் பெரிய கையால் அவள் வாயை மூடினான். "பேசாதேன்னா பேசாதே! ஓடிடப் போறாங்க. நீ போ. நான் பின்னாலயே வரேன்."

கையை விலக்கியதும் முத்தழகி அவனைப் பார்த்தாள், புதரைப் பார்த்தாள், புதருக்கு மேலே எட்டிப் பார்த்த இரட்டை வாலைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "அண்ணே, கடைசியாச் சொல்றேன், சுளை வேகமாக் கொறையுது!" என்றாள்.

"அஞ்சு நிமிஷம்!"

முத்தழகி திரும்பி ஓடினாள். வழியெல்லாம் அவள் தோள் குலுங்கிக்கொண்டே போனது.

அஞ்சனி மறுபடி வந்து உட்கார்ந்தாள். குரல் கம்மியிருந்தது. வயிறு ஈசலால் உருண்டிருந்தது. "அண்ணே, போதும்ணே. கெளம்புங்க. பந்திக்கு நேரமாச்சு."

"என் பேரை யாரும் சொல்லலையே?"

"உங்க பேரா?"

"நான் கத்தின கத்துக்குத்தானே இவங்க நடுங்கினாங்க? அதைச் சொல்லி ஒருத்தராவது அழுதா எனக்கு நிம்மதியா இருக்கும்."

சரி என்று அஞ்சனி போனாள்.

"முத்தழகி கூட... பரவால்ல..." என்று ஆமைக் குரல் விசும்பியது. "கரையில நின்னு... அந்த மாசாணம் கத்தினான் பாரு... அதுலதான்... என் காலு... ஓடலை..."

"ஆமாக்கா, அவன் இல்லேன்னா ஒரு கோலும் கெடையாது!" என்று தவளைக் குரல் தேம்பியது.

மாசாணத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டு ஆண்டுப் படிப்பில் இப்படி ஒரு பாராட்டு அவனுக்குக் கிடைத்ததில்லை. நெஞ்சில் கை வைத்து, புதரைப் பார்த்து மெல்லத் தலை வணங்கினான்.

ஏரியின் வடகோடியிலிருந்து ஆரவாரம் கேட்டது. பெரிய சிரிப்பு. நடுவே "கொர்ர்ர்!" என்று ஒரு தவளைச் சிரிப்பும் சுத்தமாகக் கேட்டது.

"அங்கேயும் தவளையா?" என்று மாசாணம் ஒரு கணம் காதைத் தீட்டினான். பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். "இங்க அழற அழுகை அங்க போய் எதிரொலிக்குது."

அழுகை போய்ச் சிரிப்பாக எதிரொலிக்குமா என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் இரண்டாம் ஆண்டுக்குப் போயிருப்பான்.

வெயில் சாய்ந்தது. கூப்பிட முத்தழகி இன்னொரு முறை வந்தாள். கிட்டே வராமல் தூரத்தில் நின்றே, "அண்ணே, அடிப்பக்கம்தான் பாக்கி! நாலஞ்சு சுளைதான் இருக்கும்!" என்று கத்தினாள். மாசாணம் திரும்பாமலே கையை ஆட்டினான்.

அஞ்சனிக்குப் பாவமாகிவிட்டது. நேரே வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். "அண்ணே, அழுது முடிச்சுட்டாங்க. சத்தியமா முடிச்சுட்டாங்க. இப்ப ஓடினா நாலு சுளையாவது கெடைக்கும். எழுந்திரிங்க."

"முடிச்சுட்டாங்களா? அதுக்குள்ளயா?" மாசாணத்துக்குக் கோபம் வந்தது. "அஞ்சு வருஷம் அழுதேன் நான்! பதினொரு கோலுக்கு இவ்வளவுதானா? இன்னும் ஒருத்தர். ஒரே ஒருத்தர். நல்லா, வயிறு எரிஞ்சு, நெஞ்சு வெடிச்சு அழணும். அதைக் கேக்காம இடத்தைவிட்டு அசைய மாட்டேன்!"

அஞ்சனி யோசித்தாள். ஆமை முடிந்தது. தவளை முடிந்தது. நண்டும் எருமையும் முடிந்தது. வேறு யார் குரல் இருக்கிறது? மாசாணத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். வால் துடித்தது. புதருக்குள் பறந்தாள்.

இதோ, வந்துவிட்டோம். இப்போது நீங்கள் சிரிக்கலாம்.

புதருக்குள்ளிருந்து ஒரு புதிய குரல் எழுந்தது. தடித்த குரல். தொண்டைக்குள் சருகு அடைத்ததுபோல் கரகரத்த குரல்.

"ஹூஊஊ! அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷமா ஒரு சுளை என் வாயில படலையே!"

மாசாணம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆகா! யாருடா இவன்? குரல்ல என்ன சோகம்!"

"முதல் வரிசையில இடம் போட்டு வச்சாங்களே! ஓடிவந்து ஓடிவந்து கூப்பிட்டாங்களே! போனேனா? போகலையே! ஹூஊஊ!"

"ஹஹ்ஹஹா! கூப்பிட்டும் போகலையா!" மாசாணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். "அடேய், இவன்தான்டா! இவன்தான் எல்லாரையும்விட அருமையா அழறான்! இப்படி ஒரு அசடு சேத்துக்கரையில இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே!"

"ஜெயிச்சவங்க தின்னாங்க! தோத்தவங்களும் தின்னாங்க! ரெண்டு கரையிலயும் வெறும் வயித்தோட உக்காந்திருக்கறது நான் ஒருத்தன்தானே! ஹூஊஊ!"

"ஐயோ, என்னால முடியலை! நிறுத்துடா! வயிறு வலிக்குது!" என்று மாசாணம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எவன்டா நீ? இந்தத் தொண்டையை நான் எங்கேயோ கேட்டிருக்கேன். நல்லாப் பழகின தொண்டை. டேய், யாருடா நீ?"

"டேய், யாருடா நீ?" என்றது புதர்.

அச்சு அசல் அதே தொண்டை.

மாசாணம் சிரிப்பதை நிறுத்தினான். புதரும் நிறுத்தியது. "ஹூய்" என்றான் மெல்ல. "ஹூய்" என்றது புதரும் மெல்ல.

அவன் எழுந்தான். சேற்றில் கால் வைத்து நடந்து, இரண்டு கையாலும் நாணலை விலக்கினான். ஆமை இல்லை. தவளை இல்லை. நண்டும் எருமையும் இல்லை. மூக்கு முட்டும் தூரத்தில், ஒரு நாணல் தண்டின்மேல், வயிறு புடைத்த ஒரு கருப்புக் குருவி உட்கார்ந்திருந்தது. அதன் அலகு திறந்தது. மாசாணத்தின் சொந்தக் குரலில், மிகுந்த மரியாதையோடு, "சுளை போச்சேண்ணே" என்றது.

வடகோடியில் யாரோ பந்தி இலைகளை வாரிச் சுருட்டும் சத்தம் கேட்டது. மாசாணத்தின் வயிறு இரைந்தது. அந்தச் சத்தத்தை மட்டும் யாரும் போலியாகச் செய்யவில்லை.

"ஓ..." என்றான் மாசாணம். "அப்படின்னா... இவ்வளவு நேரமும் இங்க ஏமாந்து உக்காந்திருந்தது நானா!"

தோற்றவர் அழுதால்தான் தன் வெற்றி இனிக்கும் என்று காத்திருப்பவன், கையில் கிடைத்த வெற்றியின் ருசியையும் இழந்து நிற்பான்.